நாயோடு சேர்ந்து ஓடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஷூ மாட்ட உட்கார்ந்தாலே கருப்பிக்குத் தெரிந்துவிடும். முதல் ஷூவின் கயிறை இழுத்துக் கட்டுவதற்குள் வாசல் கதவுக்கும் எனக்கும் நடுவே நாலு தடவை போய்வந்துவிடுவாள். கலப்பினம், 20 கிலோ எடை. பல வருடங்கள் அவளோடு ஓடியிருக்கிறேன். நாயோடு ஓட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் வாயில்லா ஜீவன். களைத்துப்போனாலும் கால் சுட்டாலும் நீங்கள் ஓடுகிறவரை அதுவும் கூடவே ஓடிவரும். ஆகவே எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்க்கிற வேலை உங்களுடையது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றியவைதான்.

எல்லா நாய்களும் ஓடத் தகுந்தவையா?

இல்லை. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ மாதிரி முகம் சப்பையான நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். சும்மா படுத்திருக்கும்போதே குறட்டை விடுகிற நாய் அது. நாய் தன் உடல் சூட்டைத் தணிப்பதும் மூச்சு வழியாகத்தான் என்பதால், ஓடவிட்டால் காற்றும் போதாது, சூடும் இறங்காது. இவற்றோடு ஓட வேண்டாம். வெயில் இல்லாத நேரத்தில் நிதானமான நடை போதும்.

டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீளமான முதுகும் குட்டைக் கால்களும் உள்ளவற்றுக்கு முதுகெலும்பின் வட்டுகளில் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். குதிப்பதும் படியேறி இறங்குவதும் அவற்றுக்கு ஆகாது. கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், ஆனால் சற்று நேரத்துக்குத்தான். அதன் உடல்வாகு அப்படி. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அதுவும் மெல்லோட்டத்துக்கு வரும்.

பார்டர் கோலி, பாயின்டர், டால்மேஷன், லாப்ரடார், நடுத்தர உடம்புள்ள கலப்பின நாய்கள் எல்லாம் பொதுவாக நல்ல ஓட்டத் துணைகள். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பரம்பரையாக ஒரு குறை உண்டு. ஐந்து, பத்து நிமிடம் தீவிரமாக ஓடியதும் பின்னங்கால்கள் துவண்டு சரிந்துவிடும். மரபணுச் சோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் நாய் ஒருமுறை அப்படித் துவண்டால்கூட, "களைப்பா இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

எந்த நாயாக இருந்தாலும் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இதயம், இடுப்பு மூட்டு, முழங்கால், எடை இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் அதையும் முடித்துவிடலாம்.

என் நாய் குண்டாக இருக்கிறது. ஓடினால் இளைக்குமா?

முதலில் நடக்கட்டும். விலா எலும்பின் மேல் கையை லேசாக வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். விலா தட்டுப்படவே இல்லையென்றால் அந்த எடையோடு ஓடுவது மூட்டுகளைத்தான் கெடுக்கும். தீனியைக் குறைத்து, நடையைக் கூட்டி, எடை இறங்கிய பிறகு ஓட்டத்துக்கு வரலாம். நாய் இளைப்பதில் பெரும்பங்கு தட்டில் விழுகிற அளவுக்குத்தான்.

குட்டியை எந்த வயதில் ஓடவிடலாம்?

குட்டியின் கால் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் என்று மெத்தென்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ந்து முடிந்த பிறகே அது கெட்டி எலும்பாக மூடிக்கொள்ளும். அதற்கு முன் தினமும் கெட்டித் தரையில் ஒரே சீராக ஓடவைத்தால் அந்த இடம் அடிபட்டு, கால் கோணலாக வளர நேரிடலாம். சிறிய இனங்களுக்கு இது 8 முதல் 10 மாதத்துக்குள் மூடிவிடும். பெரிய இனங்களுக்கு 14 முதல் 18 மாதம் ஆகும், கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

அதுவரை குட்டி புல்வெளியில் தன்னிஷ்டத்துக்குத் துள்ளி விளையாடட்டும். களைத்தால் அதுவே படுத்துக்கொள்ளும். கயிற்றில் கட்டி நம் வேகத்துக்கு இழுத்துப் போவதுதான் கூடாது. காத்திருக்கும் மாதங்களில் "நில்", "விடு", "மெதுவா" போன்ற சொற்களைப் பழக்குங்கள். பின்னால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அவை கைகொடுக்கும்.

தொடக்கத்தில் எவ்வளவு ஓடலாம்?

நீங்கள் ஏற்கெனவே பத்து கிலோமீட்டர் ஓடுகிறவராக இருக்கலாம், உங்கள் நாய்க்கு அது முதல் நாள். முதல் ஐந்து, பத்து நிமிடம் நடை. அந்த நேரத்தில் மோப்பம் பிடிக்கட்டும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகட்டும். எடுத்துப்போடப் பை கையில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறிப் பதினைந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நடை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு ஓட்ட நேரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் கூட்டலாம். அவசரமே வேண்டாம். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும், தசைநாரும் பாதத் தோலும் பழக மாதங்கள் ஆகும்.

வேகத்துக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். நாய் நெடுநேரம் சிரமமில்லாமல் போகிற நடை, குறுக்குக் கால்கள் ஜோடியாக எழுகிற பெருநடை. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து எழும், அடுத்து முன் இடதும் பின் வலதும். முதுகு ஆடாமல் ஒரே மட்டமாக இருக்கும், கால் நகம் தரையில் படும் சத்தம்கூடத் தாளம் தப்பாமல் கேட்கும். அதை விட்டுவிட்டுப் பாய்ச்சலுக்கு மாறினால் உங்கள் வேகம் அதற்கு அதிகம் என்று அர்த்தம். கருப்பியின் நகச் சத்தம் தாளம் மாறினால் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

கழுத்துப் பட்டை போதுமா, ஹார்னஸ் வேண்டுமா?

ஹார்னஸ்தான், அதாவது கழுத்துக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டை. ஓடும்போது கயிறு சட்டென்று இறுகினால் கழுத்துப் பட்டையின் மொத்த இழுப்பும் மூச்சுக்குழல்மேல் விழும். ஹார்னஸில் அது நெஞ்செலும்புக்கும் தோளுக்கும் பரவிவிடும். முன்பக்கம் ஒய் வடிவத்தில் இருப்பதைப் பாருங்கள். தோளுக்குக் குறுக்கே பட்டை ஓடினால் முன்னங்கால் முழு வீச்சுக்கு நீளாது. போட்ட பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதல் வாரம் ஓடிவிட்டு வந்ததும் கக்கத்துக்குக் கீழ் முடி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு சரியில்லையென்றால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான்.

கயிறு ஒன்றரை, இரண்டு மீட்டர் போதும். பொத்தானை அழுத்தினால் நீள்கிற, தானாகச் சுருண்டுகொள்கிற வகை ஓட்டத்துக்கு வேண்டாம். மூக்கின்மேல் மாட்டுகிற பட்டையும் வேண்டாம். சட்டென்று இழுபட்டால் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

கேனிகிராஸ் என்கிறார்களே, அது என்ன?

நாயை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடும் விளையாட்டு. பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் கொடுத்த பயிற்சியிலிருந்து வளர்ந்தது. ஓடுபவர் இடுப்பில் அகலமான பெல்ட், நாய்க்கு இழுப்பதற்கென்றே தைத்த ஹார்னஸ், நடுவே ரப்பர்போல நீண்டு சுருங்குகிற கயிறு. நாய் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும், குரல்தான் கடிவாளம். இழுக்கிற சுபாவமுள்ள நாயோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். மண் பாதையில் ஓடுங்கள், இறக்கத்தில் கவனம் தேவை. "வலது", "இடது", "மெதுவா" மூன்றும் நடக்கும்போதே நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

வெயிலில் ஓடலாமா?

கூடாது. என் கருத்தில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான், அது சூட்டைத் தணிக்கப் போதவே போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிரவைக்கிறது. புழுக்கமான நாளில் ஈரம் ஆவியாகாது. எனவே வெயிலே இல்லாவிட்டாலும் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் ஆபத்து அதேதான். இதோடு மேலே ஒரு கம்பளியும் போர்த்தியிருக்கிறது, உடம்பு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தரை அனல் வீசுகிறது. உங்களுக்கு இதமாகத் தோன்றுகிற காலை அதற்கு வெக்கையாக இருக்கலாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஓடும்போது கொஞ்சம் ஏறுவது சகஜம். 41 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கிவிடும். அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடரோட் பந்தயத்தில் நாய்கள் சறுக்குவண்டியை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் இழுக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் குளிர் குறைந்தால்தான் கவலைப்படுவார்கள். வெயில் ஏறிய பகலில் நாய்களைப் படுக்கவைத்துவிட்டு இரவில் ஓட்டுவார்கள். அவ்வளவு பழக்கப்பட்ட நாய்க்கே சூடுதான் எதிரி.

சூரியன் ஏறுவதற்கு முன் ஓடி முடித்துவிடுங்கள். மாலையில் தரையின் சூடு இறங்க நேரம் ஆகும் என்பதால் காலைதான் நல்லது. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி அழுத்தி வையுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. காற்றின் வெப்பம் 30 டிகிரிதான் என்றாலும் வெயிலில் காய்ந்த தார் 50 டிகிரியைத் தாண்டிவிடும்.

வெப்பத் தாக்கு வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்வது?

முதல் அறிகுறி, உங்களுக்குப் பின்னால் தங்குவது. எப்போதும் பக்கத்திலோ முன்னாலோ ஓடுகிற நாய் பின்தங்கினால், நிழலைப் பார்த்து ஒதுங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாக்கு அகலமாக விரிந்து நுனி மேலே சுருளும். எச்சில் கெட்டியாக நூல்போலத் தொங்கும். ஈறு வழக்கமான இளஞ்சிவப்பை விட்டு ரத்தச் சிவப்பாகும். அடுத்த கட்டத்தில் நடை தள்ளாடும், வாந்தி எடுக்கும், சரிந்து விழும்.

முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சற்று நேரத்தில் துணியே சூடாகிச் சூட்டை உள்ளே அடைத்துவிடும். நினைவு தெளிவாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்ற வேண்டாம். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டது சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

சாப்பாடும் தண்ணீரும் எப்போது கொடுப்பது?

வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓடக்கூடாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடும். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஓடுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவது பாதுகாப்பு. ஓடி வந்த பிறகு மூச்சு அடங்கி அரை மணியாவது கழிந்ததும் தீனி வைக்கலாம். காலையில் ஓடுகிறவர்களுக்கு இது சுலபம். ஓட்டம் முதலில், சாப்பாடு பிறகு.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். மடக்குக் கிண்ணம் ஒன்று இடுப்புப் பையில் இருக்கட்டும். தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரும்.

ஓடும்போது நீங்கள் சாப்பிடுகிற ஜெல், எனர்ஜி பார் எதையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். காஃபீன், சாக்லேட், உலர்திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பு, எல்லாமே நாய்க்கு விஷம். உப்புச்சத்துப் பானமும் தேவையில்லை. வியர்வையில் உப்பை இழக்கும் உடம்பு இல்லையே அது.

பாதத்துக்கு ஷூ போடலாமா?

பனி, கூர்க்கல், உடைந்த கண்ணாடி கிடக்கும் பாதை என்றால் போடலாம். தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம், பாதத்தோல் தானாக உரமேறட்டும். ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது கருப்பியின் செலவில்.

அப்போது அவளுக்கு இரண்டு வயது. மண் தரையில் பழகியவளை முதல்முறையாகச் சிமென்ட் நடைபாதையில் ஆறு கிலோமீட்டர் கூட்டிப் போனேன். வழி முழுக்க ஒரு சின்ன நொண்டல்கூட இல்லை, வால் ஆடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். தூக்கிப் பார்த்தால் நடுப் பாத மெத்தையில் நாணய அளவுக்குத் தோல் உரிந்து ஓர் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சதை ரோஜா நிறத்தில் பளபளத்தது. நான் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள், கத்தவில்லை. ஆற இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் ஷூவை எடுத்தபோதெல்லாம் மூன்று காலில் எழுந்து வந்து நின்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நான்கு பாதத்தையும் திருப்பிப் பார்க்கிறேன். விரல் இடுக்கில் முள், கல், விதை சிக்கியிருக்கும். நகம் தரையில் ரொம்ப இடித்தால் நறுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தரை மாறும்போது தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

லேசாக நொண்டுகிறது, எந்தக் கால் என்று தெரியவில்லை.

தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்க அது செய்கிற உபாயம். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள், வலிக்கும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். பாதத்தில் எதுவும் இல்லை, ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் நொண்டல் நீடிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் நாயின் உயிருக்கே உலை வைக்கும்.

அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடலாம்?

2016 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எல்க்மான்ட் என்ற சிற்றூரில் ஓர் அரை மாரத்தான் நடந்தது. காலையில் வீட்டிலிருந்து வெளியே விடப்பட்ட லூடிவின் என்ற பிளட்ஹவுண்ட் நாய் தானாகவே போய் ஓட்டக்காரர்களோடு சேர்ந்துகொண்டு, 21 கிலோமீட்டரையும் ஓடி ஏழாவதாக வந்தது. வழியில் செத்த முயலை முகர்ந்து பார்க்க நின்றது, மற்ற விலங்குகளைப் பார்க்க வயலுக்குள் போனது, திரும்பி வந்து ஓடியது. எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது. குளிர்காலம், கயிறு இல்லை, தனக்கு வேண்டியபோது நின்றது, வேண்டியபோது ஓடியது. அப்படி என்றால் நாயால் நெடுந்தூரம் முடியும்.

கயிற்றில் கட்டி நம் வேகத்துக்கு ஓடவைக்கும்போது கணக்கு வேறு. நல்ல உடல்நிலையில் உள்ள, பழகிய, நடுத்தர உடம்புள்ள நாய்க்கு ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் தாராளம் என்பது என் அனுபவம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டு மிச்சத்தை நீங்கள் தனியாக ஓடுங்கள்.

பாதி வழியில் நின்று நின்று மோப்பம் பிடிக்கிறது. என்ன செய்ய?

விடுங்கள். நாய்க்கு வெளியே போவதில் பாதி சந்தோஷம் அதில்தான் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அதற்கென்றே நேரம் ஒதுக்கிவிட்டால் நடுவில் நிற்பது தானாகக் குறையும். "போகலாம்" என்ற சொல்லுக்கு ஓடத் தொடங்கவும், "சரி, பாரு" என்றால் முகரலாம் என்றும் பழக்கினால் இரண்டு பேருக்கும் குழப்பம் இல்லை.

அவிழ்த்துவிட்ட நாய் எதிரே வந்தால்?

ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் இயல்பு. உங்கள் நாயை அந்த நாய்க்கு மறுபக்கமாக மாற்றி, கயிறு இறுகாமல் வளைந்து விலகிப் போங்கள். கயிறு இறுகினால் உங்கள் பதற்றம் அதற்கும் தொற்றிக்கொள்ளும். மனிதர்கள் எதிரே வந்தாலும் கயிறைக் குறுக்கிப் பிடியுங்கள். நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கும் அந்தப் பாதையில் உரிமை உண்டு. இருட்டில் ஓடினால் இருவருக்கும் ஒளிரும் பட்டை கட்டாயம்.

சைக்கிளில் போய்க்கொண்டே நாயை ஓடவிடலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் மிதிக்காமலே உருளும் நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும், அதன் களைப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

என்னால் ஓட முடியாது. வேறு என்ன செய்யலாம்?

விறுவிறு நடையே போதும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 25 நிமிடம் நாயோடு வேகமாக நடந்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள். மூட்டுவலி உள்ள நாய்க்கு நீச்சல் மிக நல்லது. வீட்டுக்குள் என்றால் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத் தேடல் ஒரு நாயை அசத்திப் படுக்கவைத்துவிடும்.

பந்தை வீசி எடுத்துவரச் சொல்வது எல்லோரும் செய்வது. அதில் அளவு தேவை. வேகமாகப் போய்ச் சட்டென்று நின்று திரும்புவதை ஐம்பது தடவை செய்தால் தோளும் முழங்காலும் தேய்ந்துவிடும். உயரத் தூக்கிப் போடாமல் தரையோடு உருட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து வீச்சோடு பந்தை எடுத்து ஒளித்துவிடுங்கள்.

புல்லில் ஓடிவிட்டு வந்தால் உண்ணி ஒட்டுகிறது.

காதின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு, கக்கம், வால் அடி, இந்த ஐந்து இடங்களையும் அன்றே தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். நசுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மருந்து எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதாகிவிட்டது. ஓட்டத்தை எப்போது நிறுத்துவது?

ஓடிய மறுநாள் காலையைப் பாருங்கள். எழுந்திருக்கச் சிரமப்பட்டு, முதல் பத்தடி விறைப்பாக நடந்து பிறகு சரியானால் மூட்டு தேயத் தொடங்கியிருக்கிறது. பெரிய நாய்களுக்கு ஏழு, எட்டு வயதிலேயே இது வரலாம், சிறியவற்றுக்குத் தாமதமாகும். தூரத்தைக் குறையுங்கள், ஓட்டத்தை நடையாக்குங்கள், ஆனால் முழுக்க நிறுத்தாதீர்கள். அசையாத மூட்டு இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். ஒரே நீள நடைக்குப் பதிலாகப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு, மூன்று தடவை போகலாம்.

கருப்பிக்கு இப்போது பன்னிரண்டு வயது, முகவாய் நரைத்துவிட்டது. இன்றும் நான் ஷூ எடுத்தால் எழுந்து வந்து நிற்கிறாள். ஹார்னஸ் மாட்டித் தெருமுனை வரை கூட்டிப் போகிறேன். அங்கே இருக்கிற கம்பத்தை நிதானமாக முகர்ந்து முடிப்பாள். அப்புறம் இருவரும் வீடு வரை நடந்து திரும்புவோம். அவள் தண்ணீர் குடித்துப் படுத்த பிறகு நான் மட்டும் ஓடப் போகிறேன்.